வீட்டுக்கடன் நிவாரணம்: 2020 மொரட்டோரியத்தில் யாருக்கு என்ன கிடைத்தது? அது நியாயமா?

தாம்பரம்_கிழக்கு (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் திணறுபவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டுமா என்ற பேச்சு, வட்டி ஏறும்போதெல்லாம் திரும்ப வருகிறது. பொத்தாம்பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் கோபம்தான் மிஞ்சும். அதனால் நம் நாட்டில் நடந்து முடிந்த ஒன்றை வைத்துக் கேட்கிறேன்.

27 மார்ச் 2020 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாத மொரட்டோரியம் அறிவித்தது. மே மாதம் அதை மேலும் மூன்று மாதம் நீட்டித்தது. ஆக 1.3.2020 முதல் 31.8.2020 வரை விழும் தவணைகளைத் தள்ளிவைக்கலாம். ஆனால் வட்டி நிற்கவில்லை. அந்த வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி போடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 23 அக்டோபர் 2020-இல் நிதி அமைச்சகம் ஒரு திட்டம் அறிவித்தது: மொத்தக் கடன் 2 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, அந்த ஆறு மாதத்துக்கான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கருணைத் தொகையாகக் கொடுக்கும். மொரட்டோரியம் எடுத்தவருக்கும் உண்டு, எடுக்காமல் மாதாமாதம் கட்டியவருக்கும் உண்டு.

கட்டியவருக்கு எதற்குப் பணம் என்று ஒரு சாரார் கேட்டார்கள். கட்ட முடியாதவனுக்கு முழு வட்டியையும் தள்ளுபடி செய்திருக்க வேண்டும் என்று இன்னொரு சாரார். இரண்டில் எது நியாயம் என்று எடைபோட, முதலில் ஒரு சாதாரண வீட்டுக்கடனில் இதெல்லாம் எத்தனை ரூபாய் என்று தெரிய வேண்டும். கணக்கு தெரிந்தவர்கள் அதிலிருந்து தொடங்கினால் நல்லது.

ஏட்டுக்கணக்கு:

நல்ல கேள்வி சார். ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். 1.3.2020 அன்று நிலுவை 30,00,000 ரூபாய், வட்டி 8.5 சதவீதம், மிச்சம் 240 தவணை, இஎம்ஐ 26,035 ரூபாய். வட்டி விகிதம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாத வட்டி 21,250. அதைக் கட்டவில்லை என்றால் அசலோடு சேர்கிறது. இரண்டாம் மாத வட்டி 21,400 ஆகிறது. கூடிய 150 ரூபாய்தான் வட்டிக்கு வட்டி. இப்படியே ஆறு மாதம் ஓடினால் கூட்டு வட்டி மொத்தம் 1,29,779 ரூபாய். தனி வட்டி என்றால் 1,27,500. வித்தியாசம் 2,279 ரூபாய். நாடெங்கும் அவ்வளவு விவாதம் நடந்த கருணைத் தொகை, 30 லட்சம் கடனுக்கு இவ்வளவுதான்.

இப்போது மொரட்டோரியம் எடுத்தவர் நிலைமை. 1.9.2020 அன்று அவர் நிலுவை 31,29,779. பெரும்பாலான வங்கிகள் இஎம்ஐ தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டின. அதே 26,035-ஐக் கட்டினால் கடன் முடிய 270 தவணை ஆகும். விட்டது 6 தவணை, முன்பு மிச்சமிருந்த 240-க்கு மேல் கூடியது 30 தவணை. 2040 பிப்ரவரியில் முடிய வேண்டிய கடன் 2043 தொடக்கத்துக்குப் போகிறது. கூடுதலாகக் கட்டுவது சுமார் 7.87 லட்சம்.

காலத்தை நீட்டாமல் இஎம்ஐ-யைக் கூட்டச் சொல்லியிருந்தால் மாதம் 27,428 வரும், அதாவது 1,393 ரூபாய் கூடுதல். அந்த வழியில் மொத்தக் கூடுதல் சுமார் 1.70 லட்சத்தோடு நிற்கும். அதைவிட நல்லது, போனஸோ சீட்டுப் பணமோ வந்ததும் சேர்ந்துபோன 1.3 லட்சத்தை அசலில் ஒரே தடவையாகக் கட்டிவிடுவது. அப்படிச் செய்தால் கடன் ஆறு மாதம் மட்டுமே தள்ளிப்போகும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்ட தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது.

இந்த மூன்று வழியும் இருப்பதை எத்தனை வங்கிகள் கடன்தாரரிடம் எண்ணோடு சொல்லின? சிலர் சொன்னார்கள். ஸ்டேட் வங்கியே தன் அறிவிப்பில், 15 வருடம் மிச்சமுள்ள 30 லட்சம் கடனுக்கு மூன்று மாதம் தள்ளிவைத்தால் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது 8 இஎம்ஐ என்று போட்டிருந்தது. பல இடங்களில் 'மொரட்டோரியம் வேண்டுமா, ஆம் என்று எஸ்எம்எஸ் அனுப்பவும்' என்பதோடு சரி. என் பார்வையில் நியாயக் கேள்வி 2,279 ரூபாயில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

கூடல்நகர்:

ஏட்டுக்கணக்கு சார் கணக்கு சரி. ஆனால் 7.87 லட்சம் என்ற எண்ணை அப்படியே தூக்கிக் காட்டினால் படிப்பவர் தப்பாகப் புரிந்துகொள்வார். அது அபராதம் இல்லை. 2020-இல் கையில் நின்ற 1.56 லட்சத்தை இருபது வருடத்துக்கும் மேல் அதே 8.5 சதவீதத்தில் வைத்துக்கொண்டதற்கான விலை. 2040-க்கு மேல் கட்டப்போகும் 26,035 ரூபாயும் இன்றைய 26,035 ரூபாயும் ஒன்றல்ல. சுமை இல்லை என்று சொல்லவில்லை, வங்கி ஏமாற்றிப் பிடுங்கியது என்று சொல்ல இதை ஆதாரமாக எடுக்க முடியாது என்கிறேன்.

முழு வட்டியையும் தள்ளுபடி செய்திருக்க வேண்டும் என்பவர்கள் இதையும் பாருங்கள். எல்லாக் கடன்களுக்கும் ஆறு மாத வட்டியைத் தள்ளினால் 6 லட்சம் கோடிக்கு மேல் ஆகும் என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. ஸ்டேட் வங்கி ஒன்றை மட்டும் எடுத்தாலே, சுமார் 65 வருடமாகச் சேர்த்த நிகர மதிப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடும் என்றும் அதே மனுவில் இருக்கிறது. ஒரு கடன் கணக்குக்குச் சுமார் 8.5 டெபாசிட் கணக்கு என்ற விகிதமும் அங்கேயே சொல்லப்பட்டது. கடன்தாரர் தவணை நின்றதே தவிர, வங்கி டெபாசிட்தாரருக்குக் கொடுக்கும் வட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஓய்வூதியம் இல்லாமல் வைப்புத்தொகை வட்டியில் மருந்து வாங்கும் முதியவருக்கும் அந்த ஆறு மாதம் கொரோனா காலம்தான். அவருக்கு ஏற்கெனவே வட்டி குறைந்துகொண்டு வந்தது. ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கு வட்டி 31.5.2020 முதல் 2.7 சதவீதம். வீடு வாங்கும் அளவுக்கு வருமானம் காட்ட முடிந்தவருக்காக, வீடே வாங்க முடியாத டெபாசிட்தாரர் ஏன் தாங்க வேண்டும்?

தவணை கட்டியவருக்கும் கருணைத் தொகை போனது எனக்குத் தவறாகப் படவில்லை. கட்டியவரை விட்டிருந்தால் அடுத்த முறை கையில் பணம் இருப்பவரும் கட்டாமல் காத்திருப்பார்.

மலர்விழி_கோவை:

கட்டியவரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற அந்தக் கடைசிப் பாயிண்ட்டுக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது, 31.3.2021 அன்று நிலுவையில் இருந்த கடன்தான் கணக்கு. அதற்கு முந்தின வாரம் கடன் வாங்கியாவது நகையை மீட்டவருக்கு ஒன்றும் இல்லை. தேதி ஒன்றை வைத்துக் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த அளவில் 2020 திட்டம் மேல். ஆறு மாதத்துக்குள் கணக்கை முடித்தவருக்குக்கூட 1.3.2020 முதல் முடித்த தேதிவரை கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்ததால் நியாயம் என்பதை ஏற்க முடியவில்லை. மொத்தம் 6,473.74 கோடி செலவானது: பட்ஜெட்டில் ஒதுக்கிய 5,500 கோடி போதாமல், 2022 ஜனவரியில் அமைச்சரவை இன்னும் 973.74 கோடி ஒப்புக்கொண்டது. அரசு ஊழியர், வேலை போகாத ஐடி ஊழியர், பட்டறையை மூடிய சிறு முதலாளி என எல்லோருக்கும் ஒரே சூத்திரம். வேலை போனவருக்கு 2,279 ரூபாய் ஒரு தவணையில் பத்தில் ஒரு பங்குக்கும் வராது. வேலை போகாதவருக்குப் பணம் வரவான குறுஞ்செய்தி வந்ததே தெரிந்திருக்காது.

இதைவிடப் பெரிய வேற்றுமை ஒன்று சத்தமில்லாமல் நடந்தது, அதை யாரும் இந்த விவாதத்தில் சேர்ப்பதில்லை. ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2020 பிப்ரவரியில் 5.15 சதவீதம். மே மாத முடிவில் 4.00. குறைந்தது 1.15 சதவீதம். ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருந்தவருக்கு, மூன்று மாதத்துக்குள் இது கணக்கில் இறங்கியாக வேண்டும். 30 லட்சத்துக்கு 1.15 சதவீதம் என்றால் மாதம் 2,875 ரூபாய் வட்டி மிச்சம். ஆறு மாதக் கருணைத் தொகையைவிட ஒரு மாத ரெப்போ குறைப்பு பெரியது!

அது யாருக்குக் கிடைத்தது? 1.10.2019-க்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டிக் கடன் வாங்கியவருக்கு, அல்லது மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு. வங்கிகள் தாங்களே கணக்கிட்டு வைக்கும் எம்சிஎல்ஆர், அதற்கும் முந்தைய பேஸ் ரேட் என்ற அடிப்படை விகிதங்களில் இருந்த பழைய கணக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரெப்போ இணைப்பு கட்டாயமே இல்லை. சம்பளச் சான்று இல்லாத கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், பட்டறைக்காரர் போன்றோருக்கு வங்கி கதவு எளிதில் திறக்காது. அவர்கள் போவது இந்த ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்குத்தான். வருமானம் முதலில் நின்றது அவர்களுக்கு, வட்டி கடைசியில் குறைந்ததும் அவர்களுக்கே. நிவாரணம் நியாயமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் குடைந்து பார்க்க வேண்டும்.

தாம்பரம்_கிழக்கு:

மலர்விழி மேடம், ரெப்போ கணக்கு கண்ணைத் திறந்தது, நன்றி. கூடல்நகர் சாரிடம் ஒரு கேள்வி. பாதிக்கப்பட்டவரை மட்டும் பிரித்து அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்றால் யார் பாதிக்கப்பட்டவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதோடு, 29.2.2020 அன்றே வாராக்கடன் ஆகியிருந்தவர்கள் நிலை என்ன?

கூடல்நகர்:

வாராக்கடன் கணக்குகளுக்குக் கருணைத் தொகை கிடையாது. 29.2.2020 அன்று கணக்கு ஒழுங்கில் இருந்திருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களிலும் உள்ள கடன்களைக் கூட்டி 2 கோடிக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கடன் மட்டும் அல்ல. 2 கோடியே ஆயிரம் என்றால் முழுவதும் போச்சு, பகுதித்தொகை என்று எதுவும் இல்லை.

அந்த 2 கோடி வரம்பை 23 மார்ச் 2021 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அழித்தது. முழு வட்டித் தள்ளுபடி கேட்க முடியாது, பொருளாதாரக் கொள்கையில் நீதிமன்றம் தலையிடாது என்று ஒரு பக்கம் சொல்லியது. மறு பக்கம், 2 கோடி என்று வரம்பு வைக்க நியாயமான காரணம் காட்டப்படவில்லை, மொரட்டோரியக் காலத்துக்கு யாரிடமும் வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் அடுத்த தவணையில் கழிக்க வேண்டும் என்றது. அதற்கான ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை 7.4.2021 தேதியிட்டது. தீர்ப்பின் தர்க்கம் எனக்கு ஏற்புடையது: வேண்டுமென்றே தவணை தவறியவரிடம்தான் கூட்டு வட்டி என்பது தண்டனை போல வாங்கப்படுகிறது. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே அனுமதித்த காலத்தில் அதை வாங்கக் கூடாது.

அடையாளம் காண்பதுதான் கஷ்டம். மார்ச் 2020-இல் சில நாட்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சம்பளக்காரரின் கணக்கில் சம்பளம் நின்றது தெரியும். ரொக்கமாக வியாபாரம் செய்பவருக்கு எதை வைத்துப் பார்ப்பது? அதனால் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் பொதுவாகக் கதவைத் திறந்தது சரி. அதற்கடுத்த கட்டத்தில் பிரித்திருக்க வேண்டும்.

ஏட்டுக்கணக்கு:

அடுத்த கட்டம் என்று ஒன்று வந்தது சார், ஆனால் அதன் வடிவம்தான் பிரச்சினை. 6.8.2020 சுற்றறிக்கை, மறுசீரமைப்புத் திட்டம். 1.3.2020 அன்று 30 நாளுக்கு மேல் பாக்கி இல்லாத கணக்குகளுக்கு. 31.12.2020-க்குள் வங்கியும் கடன்தாரரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதிலிருந்து 90 நாளுக்குள் அமல்படுத்த வேண்டும். காலத்தை அதிகபட்சம் 2 வருடம் நீட்டலாம். இரண்டாவது அலை வந்தபோது 5.5.2021-இல் இதே மாதிரி இன்னொன்று, அதற்குக் கடைசி நாள் 30.9.2021.

அந்த 2 வருடத்தை நம் உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். மொரட்டோரியம் முடிந்து நிலுவை 31,29,779. மொரட்டோரியத்தால் தள்ளிப்போன 6 மாதத்தையும் சேர்த்து மிச்சம் 240 தவணை. மேலே 24 சேர்த்தால் 264. இஎம்ஐ எவ்வளவு? 26,240. பழைய 26,035-ஐவிடக் கூடுதல்! வருமானம் குறைந்ததால்தான் மறுசீரமைப்பு கேட்டு வருகிறார், அவருக்கு அதிகபட்சச் சலுகை கொடுத்தாலும் தவணை இறங்கவில்லை. வட்டியைக் குறைக்கவோ, கொஞ்ச காலம் தவணையை நிறுத்திவைக்கவோ வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாத பாரம் குறையும். ஒப்புக்கொள்வது வங்கியின் விருப்பம். அப்படி மறுசீரமைத்த கணக்குக்கு வங்கி, கடன் திரும்பாவிட்டால் ஈடுகட்ட என்று 10 சதவீதம் ஒதுக்கீடு வைக்க வேண்டியிருந்ததால் கிளையில் ஆர்வம் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் 'கொரோனாவால் மறுசீரமைக்கப்பட்டது' என்ற குறிப்பும் ஏறும்.

உதவி தேவையே இல்லாதவருக்கு ஒரு தாள்கூடக் கேட்காமல் பணம் வரவு வைத்தார்கள். உதவி இல்லாமல் முடியாது என்று வந்தவரிடம் சம்பளச் சான்று, ஆறு மாத வங்கி அறிக்கை, தொழில் செய்பவர் என்றால் ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் கேட்டு, கடைசியில் 26,240-ஐக் காட்டினார்கள். இது நியாயமில்லை என்று உரக்கவே சொல்கிறேன்.

லண்டன்_ஈஸ்ட்ஹாம்:

இங்கே பிரிட்டனில் இதே கேள்விக்கு வேறு விடை வைத்திருக்கிறார்கள், ஒப்பிட உதவும். வருமான உதவி பெறுபவர்களுக்கு வீட்டுக்கடன் வட்டிக்கு அரசு ஆதரவு உண்டு. 2018 ஏப்ரல் வரை அது திரும்பக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை. வாடகைக்கு இருப்பவரின் வரிப்பணத்தில் இன்னொருவரின் சொத்து காப்பாற்றப்படுகிறதே என்ற ஆட்சேபம் எழுந்தது. 2018 ஏப்ரல் முதல் அதைக் கடனாக மாற்றிவிட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட் (வேலை இல்லாதவர், குறைந்த வருமானத்தவருக்கான அரசு உதவித்தொகை) வாங்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் விண்ணப்பிக்கலாம் (2023 ஏப்ரலுக்கு முன்னால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்). 2 லட்சம் பவுண்டு வரையான கடனுக்குரிய வட்டியை மட்டும் அரசு நேரே வங்கிக்குக் கட்டும், அசலைக் கட்டாது. கட்டிய தொகை வீட்டின் மேல் இரண்டாம் அடமானமாக ஏறும், அதற்கும் வட்டி உண்டு. வீட்டை விற்கும்போது திரும்பக் கொடுக்க வேண்டும். விற்ற பணம் போதாவிட்டால் மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள்.

2023-இல் வட்டி ஏறியபோது நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் பண உதவி கிடையாது, கொடுத்தால் விலைவாசி இன்னும் ஏறும் என்று மறுத்தார். அதற்குப் பதில் ஜூன் மாதம் வங்கிகளோடு ஒரு உடன்பாடு. ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டலாம், கடன் மதிப்பெண் பாதிக்காது. முதல் தவணை தவறி 12 மாதம்வரை சம்மதம் இல்லாமல் வீட்டைப் பறிக்க மாட்டார்கள். இதில் வரிப்பணம் செலவே இல்லை.

உங்கள் 30 லட்சம் உதாரணத்தில் 'வட்டி மட்டும்' வழியைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 21,250 கட்டினால் போதும், 4,785 குறைவு. நிலுவை 30 லட்சத்திலேயே நிற்கும். கடன் ஆறு மாதம் மட்டும் தள்ளிப்போகும். 30 தவணை ஏறாது.

மலர்விழி_கோவை:

இந்த 'வட்டி மட்டும்' வழி 2020-இலும் திறந்தேதான் இருந்தது. மொரட்டோரியம் எடுத்த கணக்கிலும் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், யாரும் தடுக்கவில்லை. மாதம் 10,000 கட்டியிருந்தாலே சேர்ந்த வட்டியில் கிட்டத்தட்ட பாதி அடைந்திருக்கும். 'முழு இஎம்ஐ, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை' என்று மக்கள் நினைத்தது தகவல் குறைவால். ஆனால் ஈஸ்ட்ஹாம் அண்ணா, வருமானம் முழுசாக நின்ற வீட்டில் 21,250-ம் முடியாது. அவர்களுக்கு நீங்கள் சொன்ன முதல் வடிவம்தான் பொருந்தும்: அரசு வட்டியைக் கட்டி, வீட்டின் மேல் எழுதிவைத்துக்கொள்வது. வீடு வைத்திருப்பவர் கடைசியில் திருப்பிக் கொடுக்கிறார், வாடகைக்காரர் தலையில் விழவில்லை. கூடல்நகர் சாரின் டெபாசிட்தாரருக்கும் நஷ்டம் இல்லை.

2020-இல் மொரட்டோரியம் எடுத்தவர்கள் இரண்டு விஷயங்களை இப்போதாவது பாருங்கள். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு விற்றிருப்பார்கள். அதன் காப்புத்தொகை பழைய அட்டவணைப்படி வருடாவருடம் குறைந்துகொண்டே போகும், பழைய தேதியில் முடிந்தும்விடும். கடன் மூன்று வருடம் நீண்டுவிட்டது, பாலிசி நீளவில்லை. கடைசி வருடங்களில் கடன் இருக்கும், காப்பு இருக்காது. பாலிசிப் பத்திரத்தையும் புதிய தவணை அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைகிற தொகைக்குச் சாதாரண டேர்ம் பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பணி ஓய்வு வயது. 270 தவணை முடியும்போது உங்கள் வயது வங்கி வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால், இஎம்ஐ-யைக் கூட்டியிருப்பார்கள், அல்லது பின்னால் கூட்டுவார்கள்.

தாம்பரம்_கிழக்கு:

இரண்டு பக்க நியாயமும் தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. இப்போது மொரட்டோரியம் கிடையாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4.00-இலிருந்து 6.50-க்குப் போனதில் பலருக்குக் காலம் கட்டுக்கடங்காமல் நீண்டுவிட்டது. இன்றைக்கு ஒருவருக்கு வருமானம் குறைந்தால், எந்தத் திட்டமும் இல்லாத நிலையில், விதிகளுக்குள்ளேயே என்னென்ன செய்துகொள்ளலாம்?

கூடல்நகர்:

நாட்கணக்குதான் எல்லாம். பாக்கி 30 நாள்வரை எஸ்எம்ஏ 0 (எஸ்எம்ஏ என்றால் வங்கி தனியாகக் கவனிக்கும் கணக்கு), 60 வரை எஸ்எம்ஏ 1, 90 வரை எஸ்எம்ஏ 2. 90 தாண்டினால் வாராக்கடன். முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது எங்கும் நிற்காது.

பலர் தடுமாறும் இடம் இது. மூன்று தவணை பாக்கியாகி வாராக்கடன் ஆனபின், ஒன்று கட்டிவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. 12.11.2021 சுற்றறிக்கைப்படி பாக்கி அசல், வட்டி முழுவதும் அடைத்தால்தான் ஒழுங்குக் கணக்கு. ஆகவே கையில் இருக்கும் பணத்தை 90 நாளுக்கு முன்னால் போடுவதற்குத்தான் மதிப்பு அதிகம். ஒரே தவணை போட முடிந்தாலும், பழைய பாக்கியில் ஒன்று அடைந்து நாட்கணக்கு பின்னுக்குப் போகும்.

ஏட்டுக்கணக்கு:

அதோடு 18.8.2023 தேதியிட்ட இரண்டு சுற்றறிக்கைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மாறும் வட்டிக் கடனில் விகிதம் திருத்தும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன்தாரருக்கு. மாதத் தவணை அந்த மாத வட்டிக்கே போதாமல் அசல் ஏறிக்கொண்டுபோகும் அளவுக்குக் காலத்தை நீட்டக் கூடாது. காலாண்டு அறிக்கையில் இதுவரை கட்டிய அசல், வட்டி, மிச்சத் தவணை எண்ணிக்கை, வருட வட்டி விகிதம் இருக்க வேண்டும். உங்களுக்கு வரவில்லை என்றால் கேளுங்கள். மற்றொன்று, தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வாங்கலாம், அதை வட்டி விகிதத்தில் சேர்க்கவோ அசலில் ஏற்றி அதற்கு வட்டி போடவோ கூடாது. பழைய கடன்களுக்கும் 2024-க்குள் இது வந்துவிட்டது. ஸ்டேட்மென்ட்டில் அபராதம் அசலோடு கூடியிருந்தால் அந்த வரியை அடையாளமிட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் புகார் கொடுக்க, வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மன் (14448), ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கி.

இன்னும் எம்சிஎல்ஆர் அல்லது பேஸ் ரேட்டில் மாட்டியிருப்பவர், ரெப்போ இணைப்புக்கு மாற்றக் கேட்கலாம். முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லாத கடன் என்றால் நியாயமான நிர்வாகச் செலவு தவிர வேறு கட்டணம் கூடாது. வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால் தவணை தவறும் முன்பே செய்ய வேண்டும், தவறிய கணக்கை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கூடல்நகர்:

அதையும் தாண்டி, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் வந்துவிட்டால் 60 நாள் அவகாசம். அதை வாங்கி மேசையில் போட்டுவிடாதீர்கள். தொகை தவறு, கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை போன்ற ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 13(4)-இல் வீட்டைக் கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். சென்னை, கோவை, மதுரை மூன்று ஊர்களிலும் இருக்கிறது. பாக்கி முழுவதையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏலத்தன்று பணத்தோடு போய் நின்றால் வாங்க மாட்டார்கள்.